கதவைத் திறந்தவனுக்கு எந்தப் பூ?

அண்ணை,

இன்று காலை திருநீறு அள்ளும்போது விரல் நுனியில் ஒரு கசந்த மணம் இருந்தது. நேற்றுச் சோப்புப் போட்டுக் கழுவியும் அது போகவில்லை. நீங்கள் பாட்டெழுதும் கொப்பியின் நடுவே காய்ந்து கிடந்த அருவதாக் கொப்பின் மணம் அது. பாம்பு அண்டாது என்று நம் வைத்தியர்கள் வளர்த்த பூண்டு. இத்தனை ஆண்டுகள் தாளுக்குள் கிடந்தும் அதன் கசப்புத் தணியவில்லை.

அந்தக் கொப்பியை உங்கள் மகள் நீங்கள் காலமான ஐந்தாம் நாள் வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "அங்கிள், அப்பான்ரை கல்வெட்டை நீங்கள்தான் எழுதித் தரோணும். வேறை ஆரிட்டையும் குடுக்க எனக்கு மனமில்லை" என்றாள். இறந்தவரின் பிறப்பு, கல்வி, நற்செயல் யாவற்றையும் விருத்தத்தில் பாடி, அச்சிட்டு, முப்பத்தொராம் நாள் சபையில் வாசிக்கும் அந்த வழக்கத்தை, கடல் கடந்து வந்த இந்த நாட்டிலும் விடாது காத்தவர் நீங்கள். எத்தனையோ பேருக்குப் பாடினீர்கள். உங்களுக்குப் பாட நான் எஞ்சினேன். கொப்பியைத் திறந்தேன். முதற்பக்கத்தில் இருந்தவர் நம்மவர் அல்லர், லித்துவேனியப் படைத்தலைவர்.

பார்க்டேல் வீட்டின் மாடிப்படித் திருப்பத்தில் அவருடைய படம் தொங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். கழுத்துவரை உயர்ந்த பொற்கரைச் சட்டை, முறுக்கிய மீசை, இடையில் வாள். கீழே ஒரு மெழுகுவர்த்தி. நாம் அங்கே அறையெடுத்துக் குடியேறிய முதல் வெள்ளிக்கிழமை, நீங்கள் பதிகம் பாடி முடித்து, படியிறங்கி வந்து, அந்தக் கண்ணாடியின்மேல் மூன்று குறியாகத் திருநீறு பூசினீர்கள். நான் பதறினேன்.

"ஆரெண்டு தெரியாமல் ஏன் அண்ணை?"

"ஆரெண்டு தெரியாதுதான் தம்பி. ஆனா விளக்கு வைச்சிருக்கினம். அப்ப இந்த வீட்டுக்குப் பெரியவர். பெரியவரை வெறும் நெத்தியோடை நிக்க விடலாமே?"

மறுநாள் வீட்டுக்கார அம்மையார் படியில் நின்று நம்மை அழைத்தார். அவருடைய ஆங்கிலமும் நம்முடையதும் ஏறத்தாழ ஒரே அளவில் முறிந்தவை.

"என் ஜெனரலுக்கு மாவு பூசியது யார்?"

"மாவு அல்ல அம்மா, சாம்பல்" என்றீர்கள், அமைதியாக.

"சாம்பலா? யாருடைய சாம்பல்?"

"பசுவினுடையது."

அம்மையார் கைப்பிடியைப் பற்றியபடி படியிலேயே அமர்ந்துவிட்டார். அதை விளங்கப்படுத்த நமக்கு அரை மணி நேரம் ஆயிற்று. சாணம் என்ற சொல் வந்த இடத்தில் நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் அவர் சிரித்தார். அதற்குப் பின் ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து வந்ததும், தாம் சுட்ட கறுப்புப் பாண் ரொட்டியை வெட்டித் தந்து, தம் பாட்டனின் பாட்டனாகிய அந்த ஜெனரலின் கதையைத் தவணை முறையில் சொன்னார்.

நேமுனாஸ் ஆற்றங்கரையில் ஒரு பிரபுவின் மாளிகையில் பிறந்தவர். மீசை அரும்புமுன் படைப்பள்ளியில் சேர்க்கப்பட்டார். அவர் இளைஞராய் இருந்தபோதே அண்டை அரசுகள் மூன்று அவருடைய நாட்டைப் பங்கிட்டுக்கொண்டன. எதிர்த்து எழுந்தவர்களோடு குதிரையேறினார், தொடையில் குண்டு பட்டது, எழுச்சி தோற்றது. மாளிகையை ரஷ்ய அரசு பறித்தது. அயல்நாடு போய்ப் பிரெஞ்சுப் படையில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். பிரெஞ்சுப் பேரரசன் ரஷ்யாமீது படையெடுத்து அதே ஆற்றைக் கடந்தபோது, தம் நாட்டவரைத் திரட்டிய ஒரு காலாட்படைக்கு ஜெனரலாகத் திரும்பிவந்தார். "பாலத்தைக் கடக்கும்போது குதிரையைவிட்டு இறங்கி நடந்தாராம். சொந்த மண்ணல்லவா" என்பார் அம்மையார்.

பிறகு பனிக்காலம். பேரரசனின் படை சிதைந்து பின்வாங்கியது. பின்தொடர்ந்த ரஷ்யக் குதிரைப்படையைத் தடுக்க, மதில் சூழ்ந்த ஒரு சிற்றூரைப் பிடித்து நிற்கும்படி ஜெனரலுக்குக் கட்டளை. வீரர்களில் பாதிப் பேருக்கு விரல்கள் உறைந்து துப்பாக்கியின் விசையை இழுக்க முடியவில்லை. ஊர் மக்கள் நிலவறைகளில் இருந்தனர். மூன்றாம் நாள் காலை, ஜெனரல் வாளைக் கழற்றி வைத்தார். பாண் சுடுபவரின் வெள்ளைத் துணியை ஒரு கழியில் கட்டி, தாமே மதிற்கதவின் தாழ்ப்பாளை நீக்கி வெளியே நடந்தார்.

ஊரில் ஓர் உயிரும் போகவில்லை. அவரோ ரஷ்யாவின் உள்நாட்டில் சில ஆண்டுகள் சிறையிருந்து, மன்னிப்புப் பெற்று, மாளிகைக்கு மீண்டார். அயற்பிரபுக்களின் வண்டிகள் அவர் வாசலில் நில்லாமல் சென்றன. அவர் தேனீ வளர்த்தார், அந்தச் சிற்றூரின் பாண் சுடுபவர் மகளை மணந்தார், படுக்கையில் இறந்தார்.

"நீ செத்தவர்களுக்குப் பாட்டு எழுதுகிறவனாமே. இவருக்கும் ஒன்று எழுது" என்று அம்மையார் ஒருநாள் கேட்டார். அவருடைய உடல்நிலை அப்போதே தளர்ந்திருந்தது. தங்கள் நாட்டவர் கூடும் மண்டபத்தில் ஜெனரலின் போர்களை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது அவர் குறை.

நீங்கள் ஒரு மாதம் உழைத்தீர்கள். பழைய புலவர் வகுத்தபடியே அவர் வாழ்வைப் பூக்களால் பிரித்தீர்கள். படையெடுத்து வந்ததற்கு வஞ்சி, நேர்நின்று பொருததற்குத் தும்பை, மதில் காத்ததற்கு நொச்சி. நான் ஆங்கிலத்தில் பொருள் சொல்ல, அம்மையார் கண்மூடிக் கேட்டார். நொச்சியோடு பாட்டு முடிந்தது.

"கதவு எங்கே?" என்றார்.

நீங்கள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "கதவைத் திறந்தவனுக்கு எங்கள் மரபில் பூ இல்லை, அம்மா. கல்வெட்டில் குறை பாடுவதும் இல்லை."

"குறையா? அந்த நிலவறையில் இருந்த பாண்காரன் மகள் எனக்கு யார்? கதவு திறந்திராவிட்டால் நான் ஏது, இந்த வீடு ஏது, உங்களுக்கு அறை ஏது?" அவருடைய குரல் உயரவில்லை. தடியூன்றிப் பின்வளவுக்குப் போனார். தங்கள் நாட்டில் எல்லா வீட்டிலும் நிற்கும் என்று அவர் வளர்த்த செடியில் ஒரு கொப்பை ஒடித்து வந்தார். சிறிய மஞ்சட் பூக்கள், நம் அருவதாவின் அதே கசந்த மணம். "பூ இல்லையென்றால் இதை வைத்துக்கொள்" என்று உங்கள் கொப்பிமேல் போட்டார்.

அன்று குசினியில் நீங்கள் தேநீர் ஊற்றினீர்கள். பிறகு கேட்டீர்கள்.

"தம்பி, நான் ஏன் அதை விட்டனான் தெரியுமே?"

"மரபு எண்டுதானே சொன்னனீங்கள்."

"மரபு ஒரு சாட்டு. உண்மைக் காரணம் வேறை."

அப்போதுதான் நீங்கள் உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிச் சொன்னீர்கள். சனம் முழுவதும் உள்ளே அடைக்கலம் இருந்ததும், வெளியே இராணுவம் வந்து நின்றதும், திறக்கக்கூடாது என்று சிலர் வழிமறித்ததும், தர்மகர்த்தாவாகிய நீங்கள் உங்கள் வேட்டியைத் தடியில் கட்டிக்கொண்டு, வெறும் சால்வையை அரையிற் சுற்றி, வாசற் கேற்றைத் திறந்ததும். ஒருவருக்கும் சிறு காயமும் இல்லை. ஆனால் அந்த வாரமே ஊர் உங்களுக்குப் பெயர் வைத்துவிட்டது. "இஞ்சையும் கலியாண ஹோலிலை எனக்குப் பின்னாலை சொல்லுகினம், கேற் திறந்தவர் எண்டு. ஜெனரலுக்குக் கதவு திறந்ததைப் பாடினால், தனக்குத்தானே பாடுறார் எண்டெல்லே சொல்லுவினம்?"

ஒரு வாரம் கழித்து நீங்கள் ஜெனரல் கதவு திறந்ததைப் பாடிக் கடைசி விருத்தத்தை எழுதினீர்கள். அதற்கு மேலே 'அருவதா' என்று தலைப்பிட்டீர்கள். அம்மையார் மருத்துவமனைக் கட்டிலில் அதைக் கேட்டார். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

அண்ணை, உங்கள் கல்வெட்டிலும் நான் அந்த விருத்தத்தை, உங்கள் கோயில் வாசலுக்குப் பொருத்தி, வைத்தேன். அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் மகளிடம் காட்டினேன். அவள் தாளைத் திருப்பித் தந்தாள்.

"அங்கிள், உந்தக் கேற் விசயத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ. ஊர்ச்சனம் எல்லாம் வருவினம். செத்த பிறகாவது அப்பாவை நிம்மதியாய் விடட்டும்."

அவள் கேட்டதில் பிழையில்லை. பழித்த பெயரைச் சபையில் மறுபடி ஒலிக்கவிட எந்தப் பிள்ளைதான் உடன்படும்? எடுத்துவிடுவது எனக்கும் எளிது. மரபும் என் பக்கம் இருந்தது. ஆனால் 'கதவு எங்கே?' என்ற அம்மையாரின் கேள்வி எனக்குள் இருந்தது.

"பிள்ளை, அண்டைக்குக் கோயிலுக்குள்ளை ஆர் ஆர் இருந்தது எண்டு அப்பா சொன்னவரே?"

"இல்லை. அதைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார்."

"உன்ரை அம்மா இருந்தவ. மடியிலை நாப்பது நாள் பிள்ளையாய் நீ இருந்தனி."

அன்று குசினியில் நீங்கள் எனக்குச் சொன்னதை, தாயைச் சிறு வயதிலேயே இழந்தவளுக்கு வேறெவரும் சொல்லியிருக்கவில்லை. அவள் அந்தத் தாளை என் கையிலிருந்து மீண்டும் வாங்கினாள். பிறகு, "இதை நானே வாசிக்கிறன். எனக்குத் தமிழ் கொஞ்சம் தடுக்கும். நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ" என்றாள்.

நேற்றுச் சபையில் வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கியது. நான் எடுத்துக் கொடுத்தேன். கதவு வந்த இடத்தில் பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் நிறுத்தி, "உள்ளுக்குள்ளை நானும் இருந்தனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். முன்வரிசையில் உங்கள் ஊர் மூதாட்டி ஒருவர், "நாங்களும்தான் மோனை" என்றார். அவள் கடைசி அடிவரை வாசித்து முடித்தாள்.

உங்கள் படத்தின் முன் மல்லிகையும் செவ்வரத்தையும் இருந்தன. நான் கொப்பிக்குள்ளிருந்த கொப்பை எடுத்து அவற்றோடு வைத்தேன். ஐயர் முகர்ந்து முகஞ்சுளித்தார்.

"உது என்ன, மருந்துப் பூண்டே?"

"பூ, ஐயா. இருக்கட்டும்" என்றேன்.

பூசை முடிந்ததும் அதை மீண்டும் உங்கள் கொப்பிக்குள் வைத்து எடுத்துவந்தேன். கொப்பியை மகள் என்னிடமே விட்டுவிட்டாள். இனி யாருக்குக் கல்வெட்டு எழுதக் கேட்டு வந்தாலும், பிறப்பும் பட்டமும் கேட்குமுன், அவர் எந்தக் கதவைத் திறந்தார் என்று கேட்பேன்.