பேட்டரிப் பெட்டிக்கு ஓர் அடி

இன்று காலை சீட்டைத் தூக்கி உன் ஜாக்கிக் கம்பியை எடுத்தேன். நுனியில் என் வண்டியின் பச்சை பெயின்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது, படுபாவி.

அது ஒட்டியது, கொச்சி மட்டாஞ்சேரி ஸ்டாண்டுக்கு நான் முதல் மின்சார ஆட்டோவைக் கொண்டுவந்த நாளில். அரசாங்க ஆராய்ச்சிப் பணத்தில் செய்த சோதனை வண்டி. ஓட்டிப் பார்க்க என்னிடம் தந்திருந்தார்கள். சாயா கிளாஸை வீசிவிட்டு, இந்தக் கம்பியோடு நீ பாய்ந்து வந்தாய். "கவர்ன்மென்ட் காசை வாங்கிட்டு எங்க சோத்துல மண்ணள்ளிப் போடுறியாடா?" வண்டியின் முன்கண்ணாடி சிதறியது. தடுக்கப்போன என் தோளெலும்பு முறிந்தது. அடுத்த அடி பேட்டரிப் பெட்டிக்கு. ஒரே பெஞ்சில் படித்தவன் என்ற இரக்கம்கூட உனக்கு இல்லை.

ஆய்வுக்கூடத்து இன்ஜினீயரம்மா திருப்பூணித்துறையிலிருந்து ஓடிவந்தார். போலீஸுக்குச் சொல்லுவார் என்று பார்த்தால், குனிந்து பெட்டியைத் தடவிவிட்டு உன்னிடம் திரும்பினார். "இத்தனை அடிச்சும் கிழியலையே சேட்டா! அப்போ வேணுங்கிறதுக்கு மேல கனமாப் பண்ணிட்டோம். கூடத்துக்கு வந்து காலிப் பெட்டியை அடிச்சுத் தருவேளா? உடைச்சுப் பாக்கறதுக்கு எந்தக் கம்பெனியும் காசு போடாது. அதுக்குத்தான் கவர்ன்மென்ட் தர்றது."

நீ போனாய். வெறி தீர அடித்தாய். மெல்லிய பெட்டிகள் கிழிந்தன. கடைசியில் பாதிக் கனத்தில் ஒன்று நசுங்கியதே தவிர கிழியவில்லை. கனம் குறைந்ததும் அதே சார்ஜில் வண்டி கூடுதல் தூரம் ஓடியது, விலையும் கொஞ்சம் இறங்கியது. "அடுத்தது நானும் இதைத்தான்டா வாங்குவேன்" என்றாய்.

எங்கே வாங்கினாய்? தோப்பும்படிப் பாலத்தில் லாரி உன் டீசல் ஆட்டோவை நசுக்கியது. இந்தக் கம்பி மட்டும் வளையவில்லை. லாரிக்காரன் அன்று என் கையில் கிடைத்திருந்தால் கொன்றிருப்பேன்.

அதன்பிறகு ஸ்டாண்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. புது மின்சார வண்டி வந்தால், முதல் சவாரிக்கு முன் பெட்டிக்கு உன் கம்பியால் ஓர் அடி. இன்ஜினீயரம்மாவுக்குத் தெரிந்தால் எங்கள் தோலை உரித்துவிடுவார்.

இன்று வந்த வண்டி உன் பெண்டாட்டி ஆயிஷாவுடையது. இனி அவள்தான் ஓட்டி வீட்டைப் பார்க்க வேண்டும். எனக்குக் கை எழவில்லை.

"இங்க தாங்க, இக்கா."

கம்பியைப் பிடுங்கி ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். "பெட்டி கிடக்குது கல்லு மாதிரி. ஆளுதான் இல்லை!" நான் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியதாயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை வரிசையின் கடைசியில் போட்டாள்.

கம்பி இனி அவளிடம் இருக்கட்டும். எனக்கு நீ உடைத்த தோள் இருக்கிறது. மழைக்கு முன்னாலேயே வலிக்கத் தொடங்கிவிடுகிறது.