சாராளுக்கு நிறுத்திய புண்ணாக்கு

ஏரல்,
ஞாயிற்றுக்கிழமை.

மகள் ஜெசிக்கு, அப்பா அருமைநாயகம் சொல்லச் சொல்ல, தம்பி ஜெய்சன் எழுதுவது. ‘அன்பு மகள்’ என்றுதான் முதலில் எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்து ‘அன்பு’வை அடிக்கச் சொல்லிவிட்டார். ஆகவே மகள் மட்டும் மிச்சம்.

முதற்கண் ஒரு முக்கிய அறிவிப்பு. நம் வீட்டு வெள்ளைக் கோழி, நெடிய ஆலோசனைக்குப் பிறகு, அப்பா கோயிலுக்குப் போட்டுப்போகும் செருப்பின் மேல் முட்டையிடுவதென்று தீர்மானித்து, இன்று காலை ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிக்கும்போது அதைச் செய்தும் முடித்தது. ஆண்டவர் கிருபையால் முட்டை, செருப்பு, அம்மா, நான் எல்லாரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அதனால் அம்மா பேரில் விசாரிக்கிறேன், லூதியானாவில் குளிர் குறைந்ததா, ரொட்டியைத் தவிர வேறு ஏதாவது தின்னக் கிடைக்கிறதா?

இனி உன்னோடு போனில் பேசுவதில்லை என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். நீ பாதியில் குறுக்கே பேசுகிறாயாம். கடிதம் என்றால் நீ வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படித்தாக வேண்டுமாம். முதல் குற்றம், தீவனத்தைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்த நாளிலிருந்து உனக்குத் தலை நிற்கவில்லை. நம் வயலில் தட்டாம்பயறு ஊடே போட்டு வளர்த்த கொழுக்கட்டைப் புல்லை அப்பா அறுத்துக் காயவைத்துக் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்க, அதில் சத்து எவ்வளவு என்று பார்க்க ஓர் இரும்புக் குழாயை அனுப்பி, பத்துப் பன்னிரண்டு கட்டுகளின் நடுவயிற்றில் குத்தி, வந்ததையெல்லாம் கலந்து ஒரு பொட்டலம் அனுப்பச் சொன்னாய். புல்லுக்கு ஊசி போடச் சொல்லுதா பாரு இவ என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். இருந்தும் பெற்ற பாசத்துக்காகச் சம்மதித்து, அந்தப் பொறுப்பை வீட்டிலேயே அறிவு மிகுந்தவனான என்னிடம் ஒப்படைத்தார். நானும் எடுத்து அனுப்பினேன். உன் மெஷினே வாயைத் திறந்து நூற்றுக்குப் பதினாலு பங்கு புரதம் என்று சொன்னது. வைக்கோலில் மூன்று நான்குதான் தேறும் என்று சொன்னதும் நீதான். அன்று பால் சங்கத்தில் அப்பா நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும், வேட்டி தரையில் படவில்லை.

இரண்டாம் குற்றம்தான் பெரிது. அந்தக் கணக்கை நம்பி, அவ்வளவு சத்துள்ள புல்லுக்கு மேல் புண்ணாக்கு எதற்கு என்று அப்பா நம் சாராளுக்குப் புண்ணாக்கை நிறுத்தினார். ஊரே கைவிட்ட பிறகு சினைப்பட்டதால், வேதாகமத்தில் கிழவயதில் பிள்ளை பெற்றவளின் பெயரை அம்மா அந்தப் பசுவுக்கு வைத்தது பொருத்தம்தான், இப்போது நிறைசினை, அடுத்த மாதம் கன்று போடும். நீ போனில் என்ன கேட்டாய்? அது புல்லின் கணக்கே இல்லை, சாம்பிள் எடுத்தது யார் என்று கேட்டாய். ஜெய்சன் என்று அப்பா சொன்னதும், அந்தப் புண்ணாக்கா எடுத்தான், அப்படியென்றால் ரிப்போர்ட்டைக் குப்பையில் போடுங்க, மாட்டுக்கு உடனே புண்ணாக்கு வைங்க, இல்லாட்டி கன்று போட்டதும் எழும்பாம படுத்துரும் என்றாய். ஏட்டி, நான் மாடு மேய்ச்ச காசுல படிச்சுட்டு எனக்கே மாடு வளக்கச் சொல்லித் தாரியா என்று அப்பா கேட்டது உனக்குக் கேட்டதோ என்னவோ, அதற்குள் போனை வைத்துவிட்டார். அன்றைக்குப் பூராவும் சாப்பிடவில்லை. அம்மா சமாதானம் பேசப்போய் அவளுக்கும் ஏச்சு விழுந்தது.

மூன்றாவது, உன் சாபம் பலிக்கவில்லை என்று உனக்கு எழுதச் சொன்னார். புண்ணாக்கு இல்லாமலே சாராள் மினுமினுவென்று இருக்கிறது, முதுகெலும்பு தெரியவில்லை, தொழுவத்தில் துள்ளுகிறது. பக்கத்து வீட்டு அப்பாத்துரை அண்ணாச்சி வந்து தடவிப் பார்த்துவிட்டு, என்ன வே அருமைநாயகம், ஒம்ம புல்லத் தின்னா மலடும் பொலிஞ்சிரும் போலிருக்கே வே என்றார். அவரும் தம் இரண்டு சினைமாடுகளுக்கு நாளை முதல் புண்ணாக்கை நிறுத்தி, நம் புல்லை வாங்கிப் போடப் போகிறார். படித்தவள் தோற்றாள், பதினாலு ஜெயித்தது, இதை அப்படியே எழுது என்று சொல்லி, தாளின் அடியில் கையெழுத்தையும் முன்கூட்டியே போட்டுவிட்டு அப்பா சங்கத்துக்குப் போய்விட்டார்.

அக்கா, இனி எழுதுவது அப்பா சொன்னதல்ல. கட்டுகளில் ஒன்றில்தான் உன் குழாயைக் குத்தினேன். வந்ததெல்லாம் குச்சி. பூத்து முற்றிய பிறகு அறுத்தது, உச்சி வெயிலில் புரட்டிப் புரட்டி இலையெல்லாம் உதிர்ந்துபோனது, எனக்கே பார்க்க அசிங்கமாக இருந்தது. நம் வீட்டிலிருந்து போகிற பொருள் இப்படியா போவது என்று தோன்றியது. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது அடிபட்ட காயை வைப்போமா, வாழைத்தாரிலேயே கொழுத்த சீப்பைத்தானே துடைத்து வைப்போம்? அந்த மாதிரிதான் படுதாவில் உதிர்ந்து கிடந்த தட்டாம்பயறு இலையாகப் பொறுக்கி, அம்மாவின் சுளகில் புடைத்து, தூசி போக்கி அனுப்பினேன். பதினாலு என்று வந்ததும் எனக்கே பெருமையாகிவிட்டது. சொல்லவேண்டும் என்று பார்த்தேன், அப்பா அதற்குள் சங்கத்தில் சொல்லிவிட்டார்.

சாராள் மினுங்குவது புல்லால் இல்லை. அப்பா எழும்புமுன் நான்தான் பைய தொழுவத்துக்குப் போய், ஊறவைத்த புண்ணாக்கை வைத்துவருகிறேன். கடைக்குத் திருப்பிக் கொடுக்க அப்பா கட்டிவைத்த மூட்டையில் இப்போது மேலே மட்டும்தான் புண்ணாக்கு, கீழே உமி. அந்த மிச்சமும் நாளைக்குக் காணாது. சாராளை நான் பார்த்துக்கொண்டேன், அண்ணாச்சி மாடுகளை யார் பார்ப்பது? அவர் தொழுவத்துக்குத் திருட்டுத்தனமாகப் போனால் நாய் கடிக்கும்.

ஆகவே இதைப் போட்டோ எடுத்து இப்போதே உனக்கு அனுப்புகிறேன், தபால் வரும்வரை மாடுகள் தாங்காது. அப்பா வந்ததும் நானே சொல்லிவிடுவேன். சொன்ன கையோடு போனை ஸ்பீக்கரில் வைக்கிறேன். நீ அவரை ஒரு வார்த்தை சொல்லாதே, நான் அன்றைக்கே சொன்னேனே என்றும் ஆரம்பிக்காதே. என்னைத் திட்டு. அண்ணாச்சிக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகத் திட்டு, அப்பா ஏமாந்தது என்னால்தான் என்று ஊருக்குத் தெரியட்டும். புண்ணாக்கு என்றே சொல், இந்த ஒரு தடவை சும்மா இருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போனது. சங்கத்துக்குக் கிளம்பும்போது அப்பா வாசல்வரை போய்த் திரும்பி வந்து, தலைக்குத் துணி கட்டாமல் பனியில் போகாதே என்று எழுதச் சொன்னார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக என்றும் சொன்னார். அதை அடிக்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
த. அருமைநாயகம்