கப்பல் படத்தின் மஞ்சள் கறை

14.06.1989, புதன்

எனக்குப் பழைய அச்சுப் பார்க்கத் தெரியும் என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் மாலையில் ஒரு கப்பல் படம் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வந்த சின்ன அட்டை. உண்மையானதென்றால் கொழும்பில் ஒருவர் வாங்குவாராம். மகளை இங்கிருந்து அனுப்பிவிடலாமாம்.

“சிகரெட் குடிச்ச என்ரை மனிசன் போய்ச் சேந்திட்டுது. படம்தான் மிச்சம், அண்ணை.”

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். புதிய அச்சில் வரிசையாகத் தெரியும் புள்ளிகள் இல்லை. ஆனால் ஓரமெல்லாம் திட்டுத்திட்டாக மஞ்சள். பழசாகக் காட்டத் தேயிலைச் சாயத்தில் தோய்த்திருப்பார்களோ என்று பயந்தேன்.

“பொய்ப்படம் போலக் கிடக்கு” என்றேன்.

“அப்ப அடுப்புக்குத்தான்.”

துணியில் சுற்றிக் கொண்டுவந்ததை வெறுங்கையில் எடுத்துக்கொண்டு போனார்.

இரவு சாப்பிடுமுன் கை கழுவினேன். சவர்க்காரம் பட்டதும், படத்தைப் பிடித்திருந்த விரல்நுனி சிவந்தது. தேயிலைக் கறை சிவக்காது, மஞ்சள்தான் சிவக்கும். வருடப்பிறப்புக்கு அவர் வீடு முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறவர். படம் இருந்த தகரப்பெட்டியையும் விட்டிருக்கமாட்டார்.

படம் உண்மையானதுதான். இதையும் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலிக்கு அப்பால் அவருடைய குசினி அடுப்பில் இன்னும் புகை எழுகிறது.

விளக்கை எடுத்துக்கொண்டு போகிறேன்.