முப்பத்தாறு அங்குலப் பாவம்

தை 5, வெள்ளி. குடவாசல்.
பனி. எதிர்வீடே காணோம். அறுவடை மிஷின் இன்றும் வராதாம். போகட்டும்.

தங்கை மகள் ஸ்டெல்லா போன். திருவாரூர் பக்கம் கல்லூரியில் மெக்கானிக்கல் லெக்சரர். அங்கே நிற்கும் பழைய போர் விமானத்தின் எஞ்சினை மூன்று வருஷமாக நோண்டி உயிர் கொடுத்திருக்கிறாள். நாளை அதிகாரிகள் முன் ஓட்டிக் காட்டணும். "மாமா, நீங்கதான் உள்ள உக்காரணும். ஓட்டின ஆளு நம்மகிட்ட வேற யாரு?"

மறுத்திருக்கலாம். மீசையை முறுக்கினேன்.

(இங்கே மட்டும் உண்மை: ஏர்ஃபோர்ஸில் இருபது வருஷமும் ஸ்டோர் கிளார்க். நட்டு, போல்ட்டு கொடுத்தேன், கையெழுத்து வாங்கினேன். மேகத்தைக் கிழித்து மழையைப் பிடித்து வந்த கதையெல்லாம் கல்யாணப் பந்தியில் வளர்ந்தது.)

தை 6, சனி.
நல்ல வெயில். சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குச் சங்கிலி. உள்ளே சக்கரவர்த்தி நான்.

இரண்டு லீவர். ஒன்று எஞ்சினுக்குள் போகும் காற்றின் பிரஷருக்கு, அதைக் காட்ட அங்குல முள். இன்னொன்று விசிறியின் சுற்றுக்கு.

"குறைக்கும்போது முதல்ல பிரஷர், அப்புறம்தான் சுற்று. மாத்தினா பிஸ்டன் போயிடும் மாமா."

"எனக்கேவா கண்ணு?"

முள் 36. புல் படுத்தது. தென்னைமரம் மூன்று எனக்கு சல்யூட். சத்தம் கும்பகோணம் தாண்டியிருக்கும். கைதட்டல். குறைக்கச் சொல்லி ஸ்டெல்லா கை காட்டினாள்.

வயலிலிருந்து ரோடு ஏறினால் டிராக்டரில் முதலில் பெரிய கியர், கை ஆக்சிலேட்டரைக் குறைப்பது அப்புறம். ஊர் திரும்பியபின் இருபத்தைந்து வருஷப் பழக்கம். கை தானாக சுற்று லீவரை இழுத்துவிட்டது. சுற்று விழுந்தது. முள் 36-லேயே. தகர டப்பாவில் ஜல்லி குலுக்குகிற சத்தம். வெள்ளைப் புகை. நின்றுவிட்டது.

"முறைப்படிதானே இறக்குனீங்க மாமா?"

"பின்னே?"

ஒரே வார்த்தை.

தை 7, ஞாயிறு.
மாதா கோயில் பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை. நிற்கவில்லை.

வெளியே தங்கை: "பிஸ்டன்ல ஓட்டையாம்ண்ணே. அதோட ரிங்கைத் தப்பா மாட்டினது நான்தான்னு ஸ்டெல்லா நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறா. சாப்பிடவே மாட்டேங்குறா."

எழுதிக் கொடுத்தால் எஞ்சின் காயலான் கடைக்கு. அவள் வேலையும் சந்தேகம்.

"மாமா பேரு இதுல வரவே கூடாதுங்கிறாண்ணே."

மதியம் மீன் குழம்பு. பூனைக்கு வைத்தேன்.

தை 8, திங்கள்.
முதல் பஸ். மறுபடி பனி. பிரின்சிபால் அறை வாசலில் ஸ்டெல்லா, கையில் கவர்.

"ரிங்கு இல்லம்மா. நான்தான். சுற்றை முதல்ல இழுத்துட்டேன்."

"நான் அத்தனை தடவை சொன்னேனே மாமா!"

"டிராக்டர் பழக்கம். நான் விமானமே ஓட்டினதில்ல கண்ணு. ஸ்டோர் கிளார்க்."



"மழை புடிச்சது பொய்னு அஞ்சாவது படிக்கிறப்பவே தெரியும். ஓட்டினதுமா பொய்யி?"

தலையாட்டினேன்.

"ரெண்டு நாளா ஒவ்வொரு ரிங்கா எடுத்து அளந்துட்டு இருக்கேன் மாமா." கவரை பைக்குள் திணித்தாள். "உள்ள போய் நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

கதவைத் திறந்தேன். பிரின்சிபால் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க, வாங்க விங் கமாண்டர் சார், உக்காருங்க."

உட்காரவில்லை.