நாக்பூருக்குப் போகாத பயணி

பதிவு 1. 4 மார்ச் 2071, காலை. மேலூரணி சந்திப்பு.

நான் நாக்பூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். தவறு. ரயில்வே குடியிருப்பில், என் வீட்டிலேயே இருக்கிறேன்.

பெயர் ரெஜினா அமலதாஸ். பயணிகள் தேவைக் கணிப்புப் பிரிவின் முன்னாள் தலைவர். கணவர் இல்லை. இந்த ஊரில் இப்போது வேறு எவரும் இல்லை. இதைக் கண்டெடுப்பவருக்காக எழுதுகிறேன்.

நாக்பூர் வண்டி நேரத்துக்கு வந்தது. எல்லா இருக்கைகளும் நிரம்பியதாக அறிவிப்பு. ஜன்னல்களில் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

பதிவு 2. 5 மார்ச், முற்பகல்.

தலைமையகக் கட்டுப்பாட்டு அறையை அழைத்தேன். எடுத்தவர் ஞானதுரை. முன்பு என் பிரிவில் இருந்தவர். அவர் பதில்:

"மேடம், டிமாண்ட் எகிறுது, வருமானம் ரெக்கார்டு! நீங்க ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு காலிங்கிறீங்க. வீட்டுக்கு வீடு உதவிப்பொறி இருக்குல்ல? யாராச்சும் கிளம்பினா ஆகும்னு தினமும் சீட்டு போட்டு வச்சிடுது. டிக்கெட் வித்தா பயணம் நடந்ததா அர்த்தம்."

உள்ளே ஆள் இருக்கிறாரா என்று எவரும் பார்ப்பதில்லையா என்றேன்.

"அத எதுக்கு மேடம் பாக்கணும்?"

நாங்கள் பார்த்தோம். பெட்டி பெட்டியாக ஏறித் தலை எண்ணினோம்.

காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த என் பெயர் சென்ற வாரம் உறுதியானது. வண்டி வந்து நின்றது. ஆளில்லாத ஊர் என்பதால் கதவைத் திறக்கவில்லை. நான் துணிப்பெட்டியோடு நடைமேடையில் நின்றேன். ரயில்வே பதிவில் நான் பயணம் செய்துவிட்டேன்.

பதிவு 3. 7 மார்ச், மாலை.

புதுச் சீட்டுக் கேட்டேன். முன்பதிவுப் பொறியின் பதில்: "பயணி தற்போது நாக்பூரில் உள்ளார். மேலூரணியிலிருந்து ஏற இயலாது." திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் மரியாதையாகவே சொன்னது.

சாலை வண்டிகள் நின்றுபோய்ப் பல வருடங்கள். மகள் ஜெசிந்தாவுக்கு இது முதல் பிரசவம். பிள்ளையை நான்தான் கையில் வாங்குவேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல் தவறி எனக்குப் பழக்கமில்லை.

பதிவு 4. 10 மார்ச், பகல்.

குழாயில் நீர் இல்லை. மின்சாரமும் இல்லை. ஆளில்லாத வீடாம். மழைத்தொட்டியில் கொஞ்சம் இருக்கிறது.

ஞானதுரை அழைத்தார். "என்ன மேடம், நாக்பூர் வெயில் எப்படி?" சிரித்தார். நான் மேலூரணியிலிருந்து பேசுகிறேன் என்றேன். "பேத்தியோ பேரனோ, ஸ்வீட்டு அனுப்பிடுங்க!" என்று வைத்துவிட்டார்.

அதன்பின் என் கைபேசி வெளியே பேச மறுக்கிறது. வருவதை மட்டும் வாங்குகிறது.

பதிவு 5. 13 மார்ச், விடியல்.

ஜெசிந்தாவின் குரல்பதிவு வந்தது:

"மம்மி, நீங்க கையில வாங்கினதும் பாப்பா கப்புனு அழுகைய நிறுத்திட்டா பாருங்க! டாக்டரே சிரிச்சிட்டாங்க. டாடிய மாதிரியே மூக்கு. பக்கத்து ரூம்ல அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. அதான் பேசி வைக்கிறேன்."

அவள் குரல்தான். மூச்சு வாங்குவதும் அவளுடையதுதான்.

பதிவு 6. அதே நாள்.

வண்டி வரும் நேரம். புடவையை மடிப்பெடுத்துக் கட்டிக்கொண்டேன். இந்தத் தாள்களைப் பசை தடவி வண்டியின் ஜன்னலில் ஒட்டப்போகிறேன், எழுத்து உட்பக்கம் தெரியும்படி. உள்ளே யாராவது இருந்தால்...

நாக்பூரில் இதை உரித்தெடுப்பவர் என் மகளிடம் சேர்க்கவும்.

ஜெசிந்தா, பக்கத்து அறைக்குப் போய்ப் பார். குழந்தையை அங்கே விடாதே. பேசி அனுப்பாதே. உன் கையெழுத்து எனக்குத் தெரியும். காகிதத்தில் பதில் எழுது.