நூர் வீட்டில் சொன்ன படம்

ஆவணி, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றக் காற்று இன்று எங்கள் பக்கம். சன்னல் சாத்தல். நேற்று இவரோடு ஆம்பூர் டூரிங் கொட்டகையில் பேசும் படம். பக்கத்து வீட்டு நூர்ஜஹானுக்கு அதன் கதையைச் சொல்வதாக வாக்கு. அவள் மாமியார் கொட்டகைப் பக்கம் அனுப்புவதில்லை. போய்ச் சொன்னேன். ராஜா ராணியைக் காட்டுக்குத் துரத்தினான், பிள்ளை பிறந்தது, மிகவும் அழுதாள், கடைசியில் சேர்ந்தார்கள். மாமியார் தலை நிமிராமல் பாக்கு வெட்டினார். நூர் மட்டும், "இன்னாக்கா, அவ்ளோதானா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறவள் நான். வெட்கம்.

செவ்வாய்
வெயில். பள்ளிக்கூட அலமாரியிலிருந்து பழைய மாதப் பத்திரிகைகள் நாலைந்து. பேர் வாங்கிய எழுத்தாளர்கள் எப்படித்தான் கதை சொல்கிறார்கள் என்று பார்த்துவிடுவது. ஒரு கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். புருஷனை ரயிலேற்றிவிட்டு வந்தவள், கழுவின தம்ளரையே மறுபடி கழுவுகிறாள். துக்கம் என்ற சொல்லே கதையில் இல்லை. ஆனாலும் படிக்கிறவளுக்குத் துக்கம். வேறொருவர் கதவு தட்டும் சத்தத்தோடு நிறுத்திவிட்டு, ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார். படுபாவி. பத்திரிகையைக் கீழே வைக்க முடிகிறதா?
ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. இவர் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார்.

வியாழன்
சோப்பு, திரிநூல் வாங்க மறதி. பாலாற்றைப் பற்றி எழுதிப் பார்த்தேன். எங்கும் 'அழகான', 'அழகான'. எல்லாவற்றையும் அடித்ததும் மிஞ்சியது சுடுமணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ஒருவன். பரவாயில்லை, ஆறு தெரிகிறது.

சனி
நூர் வீட்டில் மறுபடி அதே படம். இந்த முறை அரண்மனையை விட்டுவிட்டுக் காட்டில் ஆரம்பித்தேன். ராணி அழுதாள் என்று சொல்லவில்லை. ஈரத் தலைப்பால் பிள்ளையின் கால் மண்ணைத் துடைத்தாள் என்றேன். மாமியாரின் பாக்குவெட்டி நின்றது. ராணி கோட்டைக் கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்திக் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.
"கதவத் தொறந்தானா இல்லியா, அத சொல்லிட்டுக் குடிம்மா," என்றார் மாமியார்.
வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்தேன்.

திங்கள்
காய்ச்சல் மாதிரி வந்து போய்விட்டது. நூரின் மாமியாரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த ராணியை ஒரு தபா பார்க்க வேண்டுமாம், நூரும் கூட வரலாமாம். நூர் சமையற்கட்டில் குதித்த சத்தம் இங்கே கேட்டது. எனக்குள் ஒரு பயம்: நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சொல்லிவிட்டேனே.

புதன்
மாலை ஆட்டம். பெண்கள் பக்கத்துக்குத் திரை கட்டியிருந்தார்கள். நூர் முகத்திரையைத் தூக்கிவிட்டுத் திறந்த வாயை மூடவில்லை. ஜட்காவில் திரும்பும்போது மாமியார் பாக்கை மென்றுகொண்டு வந்தார். ராணி கதவைத் தட்டியபோது உள்ளே ராஜாவின் இருமல் கேட்டது என்று சொல்லியிருந்தேன். அது முழுக்க என் சரக்கு. நூர் கேட்டே விட்டாள்.
"அக்கா, நீ சொன்ன அந்த இருமல் படத்துல வரலியே?"
மாமியார் முந்திக்கொண்டு சொன்னார்: "அத எடுக்காம உட்டுட்டானுங்க."