அட்டைக்குப் பின்னால் நிலக்கரி

செப். 9, செவ்வாய்

காலையிலேயே புகைமூட்டம். கிள்ளான் நகரமே மங்கலாகக் கிடக்கிறது. துணி உள்ளேதான் காயணும்.

ஜெர்மன் படத்துக்கு நான் எழுதும் தமிழ் சப்டைட்டில், முக்கால்வாசி முடிந்தது. போர் ஓய்ந்த பெர்லின். ஒருத்தி; புருஷன் போரிலிருந்து திரும்பவில்லை, குளிரில் குழந்தை. நிலக்கரிக் கிடங்குக்காரனோடு பேரம் பேசிப் படுக்கிறாள். விடிந்ததும் ஒரு வாளி கரியோடு வீடு. அழவில்லை. "அடுப்பு எரிந்தது, அவ்வளவுதான்" என்கிறாள். அந்த வரியை எழுதி எழுதி அழித்தேன்.

எனக்குத் தெரியாத கதையா? இந்த வீடு சேகர் பிடித்துக் கொடுத்தது. லோரி கம்பெனிக்காரர், செந்தூலில் மனைவி, பிள்ளைகள். என் மகள் நிஷாவின் அப்பா எங்களை விட்டு ஓடிய வருஷம் அவரோடு ஆரம்பித்தது.

செப். 11, வியாழன்

பிரிக்பீல்ட்ஸ் போனேன். வெயில், புகை, தலைவலி. திரைப்பட மன்றச் செயலாளர் பாலன் அங்கிளிடம் முடித்த சப்டைட்டிலைக் கொடுத்தேன். அந்த வரியில் நின்றுவிட்டார்.

"'கெட்டுப்போயிட்டேன்'னு போடும்மா. ஃபேமிலியெல்லாம் வருதுலா."

"அவ அப்படிச் சொல்லலியே அங்கிள்."

"சரி, அந்த சீன்ல நான் அட்டை புடிச்சிக்கிறேன்."

மன்றத்தின் பழைய பழக்கம். முத்தமோ கட்டிலோ வந்தால் புரொஜெக்டர் முன்னால் பெட்டி அட்டை. சத்தம் மட்டும் ஓடும், எல்லாரும் சிரிப்போம். நானும்தான். வெட்கக்கேடு.

நிஷா மெசேஜ்: "சனி படத்துக்கு வரேன்." சேகர் விஷயம் தெரிந்த பிறகு ஹாஸ்டலுக்குப் போனவள், முகம் கொடுத்துப் பேசியதில்லை. படம் பார்த்தால் என்னைப் புரிந்துகொள்வாள். நான் வாய் திறக்க வேண்டியிருக்காது.

செப். 13, சனி

மழை. சுமாரான கூட்டம். நிஷா கடைசி வரிசை, என் பக்கத்தில் இல்லை.

கிடங்குக்காரன் வந்ததுமே அங்கிளுக்குப் பதற்றம். அட்டையை வைத்தவர் எடுக்கவேயில்லை. பேரம் போச்சு, என் வரியும் போச்சு. இருட்டில் கட்டில் சத்தம், ஒரு விசில். அட்டை விலகியபோது அவள் அடுப்பெதிரே குளிர் காய்கிறாள்.

பின்னாலிருந்து ஒருத்தர்: "ஜாலியா இருந்துட்டு வந்துட்டா பாரு."

அந்த அட்டையைப் பிடுங்கிக் கிழிக்கத் தோன்றியது. உட்கார்ந்தே இருந்தேன்.

நிஷா என்னோடு கிள்ளான் வந்தாள். கொம்யூட்டர் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப். 14, ஞாயிறு

இன்னும் மழை. தோசை. மாவு புளித்துவிட்டது.

"அட்டைக்குப் பின்னால என்னம்மா நடந்துச்சு?"

லேப்டாப்பைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"வீட்ல அரிசி இல்ல. உனக்குக் காய்ச்சல். சேகர் அங்கிள் மருந்தோட வந்தாரு."

"நான் படத்தக் கேட்டேன்."

"நானும் அதத்தான் சொல்றேன்."

அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நாளாயிற்று. பிறகு கேட்டாள்:

"பாவம்மா நீ. அவர உனக்குப் புடிக்கவே புடிக்காதுல?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"மொதல்ல இல்ல. அப்புறம் புடிச்சிச்சு. இப்பவும் புடிக்கும்."

அரிசி இல்லை என்றதற்கு அழுதவள், பிடிக்கும் என்றதற்குக் கையை எடுத்துக்கொண்டாள். பையோடு இறங்கிப் போய்விட்டாள். குடை கதவருகிலேயே இருக்கிறது. மழை விடவில்லை.